ஐந்தாவது முதல்முறை

ஒரே நாவலை முதன்முறையாகப் படிப்பதற்கென்று ஆறுமுகநயினார் கடைக்கு வந்தது அது ஐந்தாவது தடவை. ஐந்தாவது என்பது அவருக்கும் தெரியும், விண்ணரசிக்கும் தெரியும். நாவலுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் அவருக்குத் தெரியாது. 'பவளத்தீவின் பன்னிரண்டு கதவுகள்' என்ற தலைப்பை, டாக்டர் எழுதிய சீட்டைப் படிப்பதைப் போலத் துண்டுக் காகிதத்தைத் தள்ளிப் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தார். நன்றாக இருக்குமா என்று வேறு கேட்டார்.

"உங்களுக்கு உசுரு அண்ணாச்சி" என்றாள் விண்ணரசி.

தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் இருந்த அந்தப் புத்தகக் கடையில் அவளுக்குச் சிபாரிசு வேலை. புதிதாக வரும் அறிவியல் கதைகள், மாயக்கதைகள், வேற்றுக் கிரகம், பேசும் மலை என்று எது வந்தாலும் முதலில் அவள் படிப்பாள். மாதத்துக்கு எட்டு பத்து நாவலாவது ஓடும். யாருக்கு எது சரிப்படும் என்று சொல்லி அனுப்புவாள். என்ன புத்தகம் பிடிக்கும் என்று அவள் யாரையும் கேட்பதில்லை. கடைசியாக எந்தப் புத்தகத்தைப் பாதியில் மூடி வைத்தீர்கள், எந்த இடத்தில் மூடினீர்கள் என்பதுதான் கேள்வி. கைபேசி சொல்லும் சிபாரிசு நேற்றுத் தின்ற பலகாரத்தையே இன்றைக்கும் இலையில் வைக்கும். விண்ணரசி வைப்பது வேறாக இருக்கும் என்று ஊரில் ஒரு பேர் இருந்தது. பதினாறு வருடமாகச் சேர்ந்த பேர் அது.

வந்ததற்கு ஒரு புது நாவலையும் பாருங்களேன் என்று அன்றும் அவள் சொல்லிப் பார்த்தாள். ஆறுமுகநயினார் தலையை ஆட்டினார். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். கடைசிப் பத்து வருடம் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தபடி மூன்று கிரேன்களை ஒரே நேரத்தில் ஆட்டிவைத்தவர். ஆபத்தைக் கணக்குப் போட்டே பழகிய ஆள்.

"தெரியாத பஸ்ஸுல எதுக்கும்மா ஏறணும்? இது நல்லா இருக்கும்னு எனக்கே தெரியும். நாலு தடவை நல்லா இருந்திருக்குல்லா" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தோடு போய்விட்டார்.

எல்லாவற்றுக்கும் காரணம் எதிர்ச் சாரியில் இருந்தது. முன்பு மூக்குக் கண்ணாடிக் கடை இருந்த மாடியில் இப்போது 'மீண்டும் முதல்முறை' என்று ஒரு பலகை. படித்த நாவலை மறக்கச் செய்யும் நிலையம். நமக்கு மிகவும் பிடித்த ஒரு நாவலை, ஐயோ இதை முதன்முதலாகப் படிக்கிற சுகம் இனிமேல் வராதே என்று ஏங்குகிறோம் இல்லையா, அந்த ஏக்கத்தை ஒன்றரை மணி நேரத்தில் தீர்த்து வைத்தார்கள். போகும்போது நாவல் தலைக்குள் இருக்கும். வரும்போது தலைப்பு எழுதிய துண்டுக் காகிதம் சட்டைப் பையில் இருக்கும். நாவலை மட்டும்தான் அழிக்கலாம் என்று சட்டம். செத்துப்போனவர் நினைவையோ முறிந்துபோன காதலையோ தொடக்கூடாது. புத்தகம்தானே, அதில் என்ன கெட்டுப்போய்விடும் என்று நினைத்து அனுமதி கொடுத்திருந்தார்கள்.

நிலையத்தில் கருவியை இயக்குகிற ஜெபராஜ், மறதிக்கு வருகிறவர்களின் புத்தகங்களை வாங்க வாராவாரம் சனிக்கிழமை கடைக்கு வருவான். நாற்பது வயது, கண்ணாடி போட்ட, கூச்ச சுபாவமுள்ள ஆள். அது எப்படித்தான் நடக்கிறது என்று ஒருமுறை விண்ணரசி கேட்டாள்.

"கருப்பட்டிப் பாகு மாதிரி நெனச்சுக்கிடுங்கக்கா. நெனப்பு ஆறி இறுகிக் கெடக்கும். ஆனா எடுத்துப் பாக்கும்போதெல்லாம் கொஞ்ச நேரம் எளகும். தலையில தொப்பியை மாட்டிவிட்டு, பக்கத்துல உக்காந்து அந்த நாவலை நான் எடம் எடமா வாசிப்பேன். அவங்களுக்கு எல்லாம் ஞாபகம் வரும், எளகும். அந்த நேரம் பாத்து மருந்து. திரும்ப இறுகாது. அம்புட்டுதான்."

"கதை மட்டும்தான் போகுமா?"

ஜெபராஜ் வாங்கிய புத்தகங்களை எண்ணிப் பைக்குள் வைத்தான். பிறகு, "பாகுல எறும்பு கெடந்தா அதுவும் சேந்துதானக்கா வரும்" என்றான்.

அதன் அர்த்தம் விண்ணரசிக்கு அப்போது முழுதாக உறைக்கவில்லை. அவளுக்கு அவளுடைய கவலை. புது நாவல் அடுக்கு அசையவே இல்லை. எல்லாரும் தங்கள் செல்ல நாவலையே திரும்பத் திரும்ப முதன்முறையாகப் படித்துக்கொண்டிருந்தால் புதிதாக எழுதுகிறவனை யார் தொடுவார்கள்? முத்தையாபுரத்திலிருந்து மூன்று ஆசிரியர்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, ஒரே நாவலைப் படித்துவிட்டு அவள் மேசை முன்னால் நின்று சண்டை போடுவார்கள். கடையே கலகலவென்று இருக்கும். இப்போது ஒருவர் மறந்த கதையை மற்றவர் நினைவில் வைத்திருக்கிறார். அவர் ஒன்றைச் சொல்ல வாயெடுத்தால் இவர் காதைப் பொத்திக்கொள்கிறார். சண்டைக்கு வழி இல்லாமல் மூன்று பேரும் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

கடை முதலாளி அந்தோணிராஜ் கெட்டவர் இல்லை. தயங்கித் தயங்கித்தான் சொன்னார். தீபாவளிவரை பார்க்கலாம், அதற்குமேல் இந்த மேசையை எடுத்துவிட்டு, மறந்துவிட்டு வருகிறவர்கள் கேட்கும் பழைய நாவல்களை அங்கே அடுக்கிவிடலாம் என்றார். விண்ணரசி சரி என்றாள். வேறென்ன சொல்வது?

ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை, ஆறுமுகநயினாரின் மனைவி சண்முகவடிவு கடைக்கு வந்தார். கையில் ஒரு நீலக் கோப்பு. அவர் கதைப் புத்தகம் படிக்கிற ஆள் இல்லை. பதினாறு வருடத்தில் கடைக்குள் கால் வைத்ததே இரண்டு தடவையோ என்னவோ. விண்ணரசி எழுந்து நாற்காலியைக் கொடுத்து, வாங்க மதினி என்றாள். உட்கார்ந்தவர் சுற்றி வளைக்காமல், அந்தப் புத்தகத்தை இனிமேல் அவருக்குக் கொடுக்காதே என்றார்.

காரணத்தையும் சொன்னார். இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அவர்களுடைய மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். தாய்க்குக் காய்ச்சல், எழுந்து நடக்க முடியாது, குழந்தையைப் பார்க்கவும் முடியாது. வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்த ஆறுமுகநயினாரின் பையில் இருந்தது ஒரே ஒரு புத்தகம். என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியாத மனிதர், அதை எடுத்துச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு ஒரு கதவு. பக்கத்துக் கட்டில்காரர்கள் பேச்சை நிறுத்திக் கேட்டார்கள். நர்சுகள் ஊசி போடுவதைத் தாமதப்படுத்திவிட்டுக் கேட்டார்கள்.

"நாளைக்கு அடுத்த கதவு இருக்கு, அதுவரைக்கும் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சுக்கிடுவேன். அப்படியே பதினோரு நாளு" என்றார் சண்முகவடிவு.

"பன்னிரண்டாவது கதவு?"

"அதுக்குள்ள புள்ள கைக்கு வந்திட்டும்மா. கதவுக்குப் பின்னால என்ன இருந்தா எனக்கென்ன?"

சொல்லும்போது அவர் முகம் மலர்ந்துதான் இருந்தது. பிறகுதான் வாடியது. போன மாதம் மகள் மதுரையிலிருந்து வந்திருந்தபோது பேச்சுவாக்கில் அந்தப் பதினோரு நாள் கதை வந்திருக்கிறது.

"ஆஸ்பத்திரி ஞாபகம் இருக்குங்காவ. அந்த மொட்டை நாற்காலி ஞாபகம் இருக்காம். அதுல உக்காந்து என்ன செஞ்சியன்னு கேட்டா, சும்மா உக்காந்திருந்தேன்னு சொல்லுதாவ. எம்மா, சும்மாவா உக்காந்திருந்தாவ அவிய?"

இரண்டரை வருடத்துக்கு முன்னால், அந்த நாவலைத் திரும்ப முதன்முதலாகப் படிக்க முடிந்தால் எப்படி இருக்கும் என்று ஆறுமுகநயினார் இதே மேசைமுன் நின்று பெருமூச்சு விட்டபோது, போய்த்தான் பாருங்களேன் அண்ணாச்சி என்று எதிர்க் கட்டடத்தைக் கை காட்டியவளே அவள்தான். வேடிக்கையாகச் சொன்னது. ஐந்து தடவை புத்தகத்தை எடுத்துக் கொடுத்ததும் அவள் கைதான்.

தான் சொன்னதை அவள் மறைக்கவில்லை. சண்முகவடிவு நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டார். பிறகு, "போன வழி தெரிஞ்ச ஆளுதான் திரும்பி வர வழியும் சொல்லணும்" என்று சொல்லி, நீலக் கோப்பை மேசைமேல் வைத்தார். நிலையத்தில் ஒவ்வொரு தடவையும் எடுத்த வரைபடங்கள் அதில் இருந்தன. அவருக்குக் கொடுத்தது, அவர் பிரித்தே பார்க்காமல் அலமாரியில் போட்டது.

அடுத்தவர் தலைக்குள் இருந்ததை அவரைக் கேட்காமல் பார்ப்பது சரியில்லை என்று விண்ணரசிக்குப் பட்டது. போன் போட்டாள். ஆறுமுகநயினார், இதையெல்லாம் கேட்பார்களா, தாராளமாகப் பாருங்கள், உங்களுக்குப் புரிந்தால் எனக்கும் சொல்லுங்கள் என்று சிரித்தார். வரைபடக் கோடுகளைப் பார்த்தால் அவளுக்குப் புரியவில்லை. சனிக்கிழமை வரட்டும் என்று ஜெபராஜுக்காகக் காத்திருந்தாள்.

அவன் வந்து ஐந்து காகிதங்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பினான். நாவலின் எந்தப் பக்கம் நினைவில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கிறது என்பதைக் காட்டும் கோடுகள். முதல் தடவை எடுத்த கோடு மலைமலையாக ஏறி இறங்கியது. இரண்டாவது, குன்று. மூன்றாவது, வரப்பு. நான்காவதும் ஐந்தாவதும் கிட்டத்தட்ட உப்பளம், அப்படி ஒரு சமதரை.

"எனக்கே இது ரொம்ப நாளா விளங்கலக்கா. முதல் கோட்டைப் பாருங்க. பதினோரு கதவு வரைக்கும் மலை. பன்னிரண்டாவது கதவு தரை. கடைசி அத்தியாயத்தை எழுதுனவரு சொதப்பிட்டாருன்னு நெனச்சேன். அப்புறம் நானே படிச்சேன், அதுதான் இருக்கிறதுலயே நல்ல அத்தியாயம்" என்றான்.

பன்னிரண்டாவது கதவை மட்டும் அவர் தனியாகப் படித்தார் என்று விண்ணரசி சொன்னாள். ஆஸ்பத்திரிக் கதையையும் சொன்னாள்.

ஜெபராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். வெகுநேரம் துடைத்தான். நானூறு பேருக்கு மேல் இப்படி உட்காரவைத்து வாசித்திருக்கிறேன், அதில் எத்தனை பேருடைய மலை புத்தகத்தால் ஆனது, எத்தனை பேருடையது பக்கத்தில் இருந்தவரால் ஆனது என்று நான் யோசித்ததே இல்லை என்றான்.

அவர்கள் இருவருமாகப் போய்த்தான் ஆறுமுகநயினாரிடம் சொன்னார்கள். மாலை நேரம். சண்முகவடிவு சுக்குக் காபி கொடுத்தார். விண்ணரசி நடந்ததை நடந்தபடி சொல்ல, மனிதர் காபியைக் கீழே வைத்துவிட்டு ஐந்து கோடுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கோடுகளைப் படிப்பது அவருக்குப் புதிதில்லை. கிரேன் எங்கே பாரம் தாங்காமல் திணறியது என்று திரையில் பார்த்தே சொன்னவர்.

"அப்ப ஒவ்வொரு தடவையும் நான் தேடிப்போனது அந்தப் புஸ்தகத்துல இல்லவே இல்லியா?" என்றார்.

எடுத்ததைத் திரும்ப வைக்க முடியுமா என்று ஜெபராஜிடம் கேட்டார். முடியாது என்று சொல்ல ஜெபராஜுக்கு இரண்டு முறை வாய் திறக்க வேண்டியிருந்தது. ஆறுமுகநயினார் மனைவியிடம் திரும்பி, நீயே சொல்லு, எல்லாத்தையும் சொல்லு என்றார். அவர் சொன்னார். மொட்டை நாற்காலி, பக்கத்துக் கட்டில் உடன்குடிப் பெண், ஊசியோடு வாசலில் நின்று ஏழாவது கதவை முழுக்கக் கேட்ட நர்சு, ஒரு நாள் வாசிக்கும்போதே தூக்கத்தில் சரிந்து புத்தகம் கீழே விழுந்தது, எல்லாவற்றையும்.

கேட்டு முடித்த ஆறுமுகநயினார், "யாரோ ஒரு நல்ல மனுசன் கதை மாதிரி இருக்கு" என்றார்.

"நல்ல மனுசன்தான்" என்றார் சண்முகவடிவு.

போனது போனதுதான். அதை மாற்ற விண்ணரசியால் முடியாது. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: அடுத்து என்ன படிக்கலாம் என்று சொல்வது. ஏற்கெனவே மூன்று புது நாவல்களை அவருக்குக் கொடுத்துத் தோற்றிருந்தாள். நிலவுச் சுரங்கத்தைப் பற்றிய ஒன்றை, அதில் வரும் கிரேன் தப்பாக இருக்கிறது என்று பதினேழாம் பக்கத்தில் திருப்பிக் கொடுத்தார். டிராகன் கதையில் தூங்கிவிட்டார். காலப் பயணக் கதையில், போன ஆளே திரும்பி வந்து போன ஆளோடு பேசினால் நான் யாரைப் பார்க்க என்று கேட்டார். இதுவரை அவள் ஒரு ஆளுக்கு நாவல் தேடினாள். இப்போது இரண்டு ஆளுக்குத் தேட வேண்டும். அதில் ஒருவர் கதையே படிக்காதவர். பதினாறு வருடத்தில் இப்படி ஒன்றை அவள் யோசித்ததில்லை.

மூன்று நாள் அடுக்கை உருட்டிப் பார்த்தாள். வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பதால் ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம் சத்தமாக வாசித்துப் பார்த்தாள். கடைக்கு வந்தவர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். நல்ல நாவல்கள் என்று அவள் நினைத்திருந்த சில, வாய்க்குள் போனதும் பாக்கு மாதிரி கடினமாக இருந்தன. கடைசியில் 'காற்றை வாடகைக்கு விட்ட ஊர்' என்ற நாவலில் கை நின்றது. கயத்தாறில் காற்றாலைகளைப் பழுது பார்க்கும் வெயிலுகந்தாள் என்ற பெண் எழுதிய முதல் நாவல். காற்றே இல்லாத ஒரு கிரகத்துக்குத் தங்கள் ஊர்க் காற்றை நூறு வருடத்துக்கு வாடகைக்கு விடுகிறார்கள் ஊர்க்காரர்கள். ஒரு தரகன் நடுவில் நின்று முடித்து வைக்கிறான். அப்புறம் ஊரில் ஒரு இலைகூட அசைவதில்லை. ஐந்து மாதத்தில் அந்தக் கடையில் விற்றது நான்கு பிரதி. வாசித்தால் பக்கத்து வீட்டுச் சண்டையைச் சுவரோரம் நின்று கேட்பது போல இருந்தது.

புத்தகத்தோடு ஒரு நிபந்தனையும் கொடுத்தாள். அண்ணாச்சி சத்தமாக வாசிக்க வேண்டும், மதினி பக்கத்தில் இருக்கும்போது மட்டும். ஒருவர் இல்லாமல் மற்றவர் ஒரு வரி தாண்டக்கூடாது. சண்முகவடிவு, இந்தப் பேய் பிசாசு ஆகாசக் கதையெல்லாம் எனக்கு ஆவாது என்று முகம் சுளித்தார். கீரை ஆய்கிற நேரம் வீணாகவா போகிறது, கேட்டுத்தான் வையுங்களேன் என்று விண்ணரசி கெஞ்சினாள்.

முதல் வாரம் உயிரே இல்லை. ஆறுமுகநயினார் வாசித்தது துறைமுக அறிவிப்பு மாதிரி இருந்ததாம். இரண்டாவது வாரம் சண்முகவடிவு கடைக்கு வந்து, காற்றுக்கு வரும் வாடகையை ஊர்ப் பொதுவில் வைத்தார்களா, வீட்டு வீட்டுக்குப் பிரித்தார்களா, அதை ஏன் எழுதவில்லை என்று விசாரித்தார். ஒன்பதாம் அத்தியாயத்தில் வரும் என்றாள் விண்ணரசி. மூன்றாவது வாரம் வீட்டில் சண்டை. தரகன் ஊரைக் கெடுத்தவன் என்கிறார் ஆறுமுகநயினார்; தரகன் மட்டும் இல்லாவிட்டால் அந்த ஊர்க்காரன்கள் காற்றைச் சும்மாவே கொடுத்திருப்பான்கள் என்கிறார் சண்முகவடிவு. இரண்டு நாள் வாசிப்பு நின்றுபோனது. இரண்டு பேரும் தனித்தனியாகப் போன் போட்டு விண்ணரசியிடம் நியாயம் கேட்டார்கள். தரகனைப் பற்றி உங்கள் வீட்டில் என்ன அபிப்பிராயம் என்று அவள் மற்ற வாசகர்களிடமும் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தாள். அந்த ஒரு கேள்விக்காகவே ஆறு பேர் புத்தகத்தை வாங்கிப் போனார்கள். முத்தையாபுரம் ஆசிரியர்கள் மூன்று பேரில் இரண்டு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தார்கள். மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகளைப் போட்டு வைத்தாள். அந்தோணிராஜ் நாற்காலிகளைப் பார்த்தார். தீபாவளியைப் பற்றி ஒன்றும் பேசாமல் போனார். அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்ளலாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

புரட்டாசி முடிகிற சமயம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணி இருக்கும். கண்ணாடிக் கதவு வழியே விண்ணரசி சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுமுகநயினார் எதிர்க் கட்டடத்து மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தார். கக்கத்தில் 'காற்றை வாடகைக்கு விட்ட ஊர்'.

இதையும் மறக்கப் போகிறாரா? இதற்குள்ளேயா? மேசையை அப்படியே விட்டுவிட்டு, லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் புகுந்து சாலையைக் கடந்து, மூச்சு வாங்க மாடி ஏறினாள். உள்ளே ஆறுமுகநயினார் தொப்பி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஜெபராஜ் நின்றிருந்தான். அவன் முகம் என்னவோ போல் இருந்தது. அழுகையை அடக்குகிறானா சிரிப்பை அடக்குகிறானா என்று சொல்ல முடியவில்லை.

விண்ணரசியைக் கண்டதும் ஆறுமுகநயினார், தேர்வில் பார்த்து எழுதி மாட்டிக்கொண்டவரைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன அண்ணாச்சி இது?" என்றாள்.

"தப்பு பண்ணிட்டேம்மா. நேத்து அவ கோயிலுக்குப் போயிருந்தா. இருவத்தி ரெண்டாம் அத்தியாயம் நிக்குற எடம் தெரியும்லா உங்களுக்கு. கை சும்மா இருக்கல. அடுத்ததைப் படிச்சிட்டேன். இன்னைக்குச் சாயங்காலம் அவளுக்கு வாசிக்கணும், எப்படி வாசிப்பேன்? எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு அவ முன்னால உக்காந்தா அது சேந்து படிச்சதா ஆவுமா? அந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் எடுத்திருங்கன்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்."

விண்ணரசி சுவரில் சாய்ந்துகொண்டாள். இருபத்து மூன்றாம் அத்தியாயத்தில் தரகன் சாகிறான். காற்றில்லாத ஊரில் பிறந்த ஒரு குழந்தைக்குத் தன் மூச்சை எழுதிக் கொடுத்துவிட்டுச் சாகிறான்.

ஜெபராஜ் சொன்னான். ஒரு அத்தியாயத்தை மட்டும் கிள்ளி எடுக்கிற வித்தை எங்களிடம் இல்லை. எடுத்தால் நாவல் முழுக்க வரும். நாவலோடு, மதினியோடு உட்கார்ந்து படித்த இருபத்திரண்டு அத்தியாயமும், அதில் போட்ட சண்டையும் வரும்.

ஆறுமுகநயினார் நாற்காலியை விட்டு எழுந்த வேகத்தில் தொப்பியின் வயர் மாட்டி இழுபட்டது. புத்தகத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம். அதெல்லாம் தொடக்கூடாது" என்றார். குரல் உயரவில்லை, ஆனால் அதில் ஒரு பயம் இருந்தது. விண்ணரசி அவரிடம் அந்தப் பயத்தை இதற்கு முன் பார்த்ததில்லை.

அப்புறம் என்ன செய்யட்டும் என்று அவளிடமே கேட்டார். தெரியாதவர் போல வாசித்துவிடுங்கள், ஒரு நாள் நடித்தால் குற்றமில்லை என்றாள். நடிப்பு எனக்கு வருமா என்று முனகியபடியே படியிறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஜெபராஜ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சிரித்துத் தீர்த்தான். பிறகு அன்றைய வருகைப் பதிவை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். ஆறுமுகநயினாருக்கு மேலே, காலை ஒன்பதரை மணிக்கு ஒரு பெயர் இருந்தது. சண்முகவடிவு. நாவல், 'காற்றை வாடகைக்கு விட்ட ஊர்'. எடுக்க வேண்டியது, இருபத்து மூன்றாம் அத்தியாயம் மட்டும்.

"ஞாயித்துக்கிழமையே படிச்சிட்டாவளாம்க்கா. அண்ணாச்சி முடி வெட்டப் போன நேரத்துல. தரகன் செத்ததுல ரெண்டு நாளா சோறு எறங்கலயாம், அவியளுக்குத் தெரியாம வச்சிருக்காவளாம். நானும் இதையேதான் சொன்னேன், எடுத்தா எல்லாம் சேந்து போயிரும்னு. புஸ்தகத்தைப் புடுங்காத கொறையா என் கையில இருந்து வாங்கிக்கிட்டு எறங்கிப் போனாவ."

இரண்டு பேரிடமும் சொல்லிவிடலாமா என்று இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

மறுநாள் கடை திறந்த சூட்டோடு ஆறுமுகநயினார் வந்தார். முகத்தில் வெற்றிக் களை. ஒன்றும் தெரியாதவர் போலவே வாசித்தேன், அவளுக்குத் துளிச் சந்தேகம் வரவில்லை என்றார். "ஆனா அவளைப் பாத்திருக்கணும் நீங்க. தரகன் செத்ததும் கண்ணுல இருந்து பொலபொலன்னு கொட்டிட்டு. பாவம், எதிர்பாக்கவே இல்ல" என்று சொல்லும்போது அவர் கண்ணே கலங்கியிருந்தது. போகிற போக்கில், அந்த வெயிலுகந்தாள் இன்னொரு நாவல் எழுதியிருக்கிறாராமே, வந்ததும் சொல்லுங்கள், அவளுக்குத் தெரிய வேண்டாம், திடீரென்று கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றார்.

சாயங்காலம் நான்கு மணிக்குச் சண்முகவடிவு வந்தார். முதன்முதலாக அவராகவே புது நாவல் அடுக்கின் முன்னால் நின்று நான்கைந்து முதுகுகளைத் தடவிப் பார்த்தார். பிறகு மேசைக்கு வந்து குனிந்து, "அவிய குரல் நடுங்கிட்டும்மா. அந்த எடத்துல வாசிக்கவே முடியல. நான்தான் தண்ணி எடுத்துக் கொடுத்தேன்" என்றார். அடுத்த புத்தகத்தைத் தனக்காக எடுத்து வைக்கச் சொன்னார். தீபாவளிக்கு அவருக்குத் துணியோடு சேர்த்துக் கொடுக்க வேண்டுமாம், மூச்சுவிடக்கூடாதாம்.

அப்படியா அண்ணாச்சி, அப்படியா மதினி என்று விண்ணரசி இரண்டு பேரிடமும் கேட்டுக்கொண்டாள். அந்த மாலையில் யார் நடித்தது, யார் நிஜமாக அழுதது என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஐப்பசி முதல் வாரத்தில் வெயிலுகந்தாளின் இரண்டாவது நாவல் கட்டாக வந்து இறங்கியது. விண்ணரசி கட்டைப் பிரித்தாள். ஆறுமுகநயினார் பெயரில் ஒன்று, சண்முகவடிவு பெயரில் ஒன்று என்று இரண்டு பிரதிகளை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு ஒன்றைத் திரும்ப அடுக்கில் செருகிவிட்டு, இரண்டு பேருக்கும் போன் போட்டு, சனிக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னாள்.